உழவர் குடும்பங்களில் இரத்தக் கொழுப்பு: அளவறிதலும் காத்தலும்

பயிரில் தழைச்சத்துக் குறைந்தால் அடியிலைகள் மஞ்சளாகிக் காட்டும். சாம்பல் சத்துக் குறைந்தால் இலையின் ஓரம் கருகும். வயலைச் சுற்றி வரும் உழவர் அதைக் கண்டு உடனே ஆவன செய்கின்றார். ஆனால் அவருடைய சொந்த உடலில் இரத்தக் கொழுப்பின் அளவு மாறினால் பல ஆண்டுகளுக்கு வெளியே ஒன்றும் தெரிவதில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பசியும் குறைவதில்லை. சிலருக்கு முதல் அறிகுறியே மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ அமைந்து விடுகின்றது. ஆகவே மண் பரிசோதனையைப் போலவே இதனையும் பரிசோதித்துத்தான் அறிய வேண்டும்.

“உழைக்கிறவனுக்குக் கொழுப்பு ஏறாது, அது பட்டணத்தில் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு வருவது” என்ற எண்ணம் சங்கரன்கோவில் வட்டாரக் கிராமங்களில் இன்றும் பரவலாக உள்ளது. ஏர் பூட்டி உழுத காலத்துக்கு இது ஓரளவு பொருந்தியிருக்கலாம். இன்றைய நிலை என்ன, அதற்கும் நம் நிலத்தில் விளைவதற்கும் உள்ள தொடர்பு யாது, உழவர் குடும்பம் செய்யக்கூடியவை எவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இரத்தக் கொழுப்பு என்றால் என்ன?

கொழுப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் அது முழுவதும் கெடுதல் என்று நினைப்பது தவறு. உடலின் ஒவ்வொரு செல்லின் சுவருக்கும் கொலஸ்டிரால் தேவை. பித்தநீரும் பல சுரப்பு நீர்களும் அதிலிருந்தே உண்டாகின்றன. நமக்குத் தேவையான கொலஸ்டிராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரித்துக் கொள்கின்றது.

கொழுப்பு நீரில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் நீர். எனவே கொழுப்பு, புரதத்துடன் சேர்ந்து சிறு பொதிகளாகக் கட்டப்பட்டு இரத்தத்தில் அனுப்பப்படுகின்றது. கல்லீரலிலிருந்து கொலஸ்டிராலை உடலின் பிற பாகங்களுக்குச் சுமந்து செல்லும் பொதிக்கு எல்.டி.எல். என்று பெயர். எஞ்சிய கொலஸ்டிராலை அங்கிருந்து திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டு வரும் பொதி எச்.டி.எல். ஆகும். முன்னதைக் கெட்ட கொழுப்பு என்றும் பின்னதை நல்ல கொழுப்பு என்றும் வழக்கில் கூறுகின்றோம். சுமை ஏற்றிச் செல்லும் வண்டிகள் பெருகி, திரும்ப ஏற்றி வரும் வண்டிகள் குறைந்தால் வழியில் சரக்குத் தேங்கும் அல்லவா? அதுவே இரத்தக் குழாயிலும் நிகழ்கின்றது. வாய்க்காலில் வண்டல் படிவது போல இது குழாயின் உட்புறத்தில் மட்டும் படிவதன்று. குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து தங்கி, அங்கே வீக்கத்தை உண்டாக்குகின்றது. ஒரு நாள் அவ்வீக்கம் வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கும்போது மாரடைப்பு ஏற்படுகின்றது.

இவை தவிர டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் இரத்தத்தில் உண்டு. உழவர்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஏனெனில் இது எண்ணெயிலிருந்தும் நெய்யிலிருந்தும் மட்டும் வருவதன்று. செலவாகாத மாச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் விடுகின்றது. டிரைகிளிசரைடு ஏறும்போது பொதுவாக நல்ல கொழுப்பு இறங்குகின்றது. எண்ணெயைத் தொடாதவருக்கும் சோறு அளவுக்கு மிஞ்சினால் இரத்தக் கொழுப்புக் கெடும் என்பது இதனால் விளங்கும்.

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் பெரியவர்களுக்கு இருக்க வேண்டிய அளவுகள் பொதுவாகப் பின்வருமாறு:

மொத்தக் கொலஸ்டிரால்: 200 மில்லி கிராமுக்குக் கீழ்.
எல்.டி.எல்.: 100 மில்லி கிராமுக்குக் கீழ் இருப்பது சிறப்பு; 130க்கு மேல் கவனம் தேவை.
எச்.டி.எல்.: ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 மில்லி கிராமுக்குக் குறையக் கூடாது.
டிரைகிளிசரைடு: 150 மில்லி கிராமுக்குக் கீழ்.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் முன்பே மாரடைப்பு வந்தவர்களுக்கும் எல்.டி.எல். இதனினும் குறைவாக இருக்க வேண்டும். அதனை மருத்துவரே முடிவு செய்வார்.

ஆய்வுகள் காட்டும் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று முன்னின்று நடத்திய ‘இண்டியாப்’ என்னும் பெரிய ஆய்வு நமக்குத் தெளிவான விவரங்களைத் தருகின்றது. அதன் முதற்கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் நகரத்தாரும் கிராமத்தாருமாக 20 வயதுக்கு மேற்பட்ட 2,042 பேரின் இரத்தக் கொழுப்பு அளவுகள் ஆராயப்பட்டன. முடிவுகள் 2014ஆம் ஆண்டு வெளியாயின.

ஆராயப்பட்டவர்களில் 79 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு கொழுப்பின் அளவு சரியாக இல்லை. 13.9 சதவீதத்தினருக்கு மொத்தக் கொலஸ்டிராலும், 29.5 சதவீதத்தினருக்கு டிரைகிளிசரைடும், 11.8 சதவீதத்தினருக்கு எல்.டி.எல்.லும் மிகுந்திருந்தன. நல்ல கொழுப்புக் குறைந்திருந்தவர்கள் 72.3 சதவீதம்! நான்கு பகுதிகளிலும் மிகுதியாகக் காணப்பட்ட குறை இதுவே.

தமிழ்நாட்டுக்கு இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தவர்களும் (18.3 சதவீதம்) எல்.டி.எல். மிகுந்தவர்களும் (15.8 சதவீதம்) நான்கு பகுதிகளில் தமிழ்நாட்டில்தான் அதிகம். பொதுவாக நகரத்தாருக்கே கோளாறுகள் மிகுதி எனினும், நல்ல கொழுப்புக் குறைவில் இந்த வேறுபாடு காணப்படவில்லை. கிராமத்தில் வாழ்வது மட்டுமே ஒருவரைக் காத்துவிடாது என்பது இதன் பொருள். உடற்பருமனும் நீரிழிவும், நீரிழிவுக்கு முந்தைய சர்க்கரை மிகுதியும் இக்கோளாறுகளுக்கு முக்கிய காரணங்களாக அமைந்ததாக ஆய்வாளர்கள் கண்டனர்.

இதே ஆய்வு 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டு 1,13,043 பேர் அதில் பங்கு பெற்றனர். 2023இல் வெளியான அம்முடிவுகளின்படி இந்தியப் பெரியவர்களில் 81.2 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு வகையில் இரத்தக் கொழுப்புச் சீராக இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் 11.4 சதவீதம், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 35.5 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம்.

ஐந்து பேரில் நால்வர் என்றதும் எல்லோரும் மருந்து உண்ண வேண்டும் என்று கருத வேண்டியதில்லை. இவர்களில் பலருக்கு நல்ல கொழுப்பு மட்டுமே குறைந்துள்ளது. அதனை உணவாலும் உழைப்பாலும் ஓரளவு சீர்செய்யலாம். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. வியட்நாம் உள்ளிட்ட, அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட ஆசிய நாடுகள் பலவற்றிலும் வாழ்க்கை முறை மாறமாற இக்கோளாறு பெருகி வருகின்றது.

கிராமத்துக்கு இது எப்படி வந்தது?

1. உழைப்புக் குறைந்தது, உணவு குறையவில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி கடின உழைப்புள்ள ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை. நடுத்தர உழைப்புக்கு 2,710 கலோரியும், உட்கார்ந்து வேலை செய்வோருக்கு 2,110 கலோரியும் போதும். முன்பு கமலை இறைத்தும் ஏர் ஓட்டியும் களத்தில் கதிரடித்தும் வந்த உழவருக்கு இன்று டிராக்டரும் மின் மோட்டாரும் அறுவடை எந்திரமும் துணை நிற்கின்றன. தோட்டத்துக்கு நடந்து சென்றவர் மோட்டார் சைக்கிளில் செல்கின்றார். இவை வரவேற்க வேண்டிய வசதிகளே. ஆனால் தட்டில் வைக்கும் சோறு பழைய அளவிலேயே நிற்கின்றது. கடின உழைப்புக்கும் உட்கார்ந்த வேலைக்கும் இடையே உள்ள 1,360 கலோரி என்பது ஏறத்தாழ 380 கிராம் அரிசிக்குச் சமம். தேவைக்கு மேல் இட்ட தழைச்சத்துப் பயிரைத் தழைக்கச் செய்து பூச்சியை வரவழைப்பது போல, செலவாகாத இந்த மாச்சத்து வயிற்றில் கொழுப்பாகவும் இரத்தத்தில் டிரைகிளிசரைடாகவும் சேர்கின்றது.

2. நிலம் மாறியது, தட்டும் மாறியது. சங்கரன்கோவில், திருவேங்கடம், கரிவலம்வந்தநல்லூர் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் பாசிப்பயறும் விளைந்து அவையே வீட்டு உணவாகவும் இருந்தன. இப்போது மானாவாரியில் பெரும்பகுதியை மக்காச்சோளம் பிடித்துக் கொண்டுள்ளது. 2018இல் படைப்புழு வந்து பெருஞ்சேதம் விளைத்த பின்னரும் அதன் பரப்புப் பெரிதும் குறையவில்லை. விற்பனை எளிது, விலை உண்டு என்பது இதற்குக் காரணம். இதில் உழவரைக் குறை கூற இடமில்லை. ஆனால் மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போகின்றது. வீட்டுக்கு வருவது தீட்டிய வெள்ளை அரிசி. 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கின்றது. அது பட்டினியைப் போக்கிய பெரிய உதவி. எனினும் மூன்று வேளையும் அரிசி, தொட்டுக்கொள்ளச் சிறிது குழம்பு என்று உணவு சுருங்கியதால் பயறும் காயும் கீரையும் குறைந்துவிட்டன. இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாச்சத்திலிருந்தும், 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருவதாக 2025இல் வெளியான ‘இண்டியாப்’ உணவு ஆய்வு தெரிவிக்கின்றது.

3. உட்கார்ந்த இடத்துத் தொழில். நம் தென்காசி மாவட்டத்துக் கிராமங்களில் பீடி சுற்றுதல் பெண்களுக்கு முக்கியமான துணைத்தொழில். காலை முதல் மாலை வரை மடியில் முறத்தை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் பலர். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் கெட்ட கொழுப்பு இயல்பாகவே ஏறும். இரண்டும் சேரும்போது தீங்கு மிகுகின்றது.

4. புகையும் மதுவும். பீடி, சிகரெட்டு, மெல்லும் புகையிலை ஆகியவை இரத்தக் குழாயின் சுவரைப் புண்படுத்துகின்றன; புகைத்தல் நல்ல கொழுப்பையும் குறைக்கின்றது. மது, டிரைகிளிசரைடை விரைவாக உயர்த்துகின்றது.

5. பரம்பரையும் பிற நோய்களும். சில குடும்பங்களில் கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து அகற்றும் அமைப்பே பிறவியில் குறைபட்டிருக்கும். கண்ணிமையில் மஞ்சள் நிறத் திட்டு, குதிகால் நரம்பில் தடிப்பு, தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இளவயதில் மாரடைப்பு ஆகியவை இருந்தால் குடும்பத்தில் அனைவரும் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். நீரிழிவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, சிறுநீரக நோய் ஆகியவற்றாலும் கொழுப்பு அளவு கெடும். இத்தகையோர் ஒல்லியாக இருந்தாலும் பாதுகாப்பு இல்லை.

எந்த எண்ணெய் நல்லது?

உழவர் பயிற்சிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. முதலில் ஓர் உண்மையை அறிய வேண்டும். கொலஸ்டிரால் விலங்கு உணவுகளில்தான் உண்டு. தாவர எண்ணெய் எதிலும் அது கணக்கில் கொள்ளும் அளவுக்கு இல்லை. எனவே எண்ணெய்ப் பொட்டலத்தின் மீது ‘கொலஸ்டிரால் இல்லாதது’ என்று அச்சிட்டிருப்பது தனிச்சிறப்பு ஆகாது. பார்க்க வேண்டியது அதில் உள்ள கொழுப்பு அமிலங்களின் தன்மையை. நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் எல்.டி.எல்.லை உயர்த்தும், நிறைவுறாதவை குறைக்கும்.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதமும், பாமாயிலில் ஏறத்தாழப் பாதியும் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நல்லெண்ணெயில் அதனினும் குறைவு. சூரியகாந்தியில் மிகக் குறைவு. தென்னை வளர்ப்பவர்கள் தேங்காய் எண்ணெயை அறவே ஒதுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அன்றாடச் சமையலுக்கு நம் பகுதியில் விளையும் எள்ளும் நிலக்கடலையும் தரும் எண்ணெய்களே மேலானவை. இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

எந்த எண்ணெயானாலும் அளவே முக்கியம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உணவு நெறிமுறை, 2,000 கலோரி உணவில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய் போதும் என்கின்றது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகின்றீர்கள் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

தாவர எண்ணெயை இறுகச் செய்து தயாரிக்கும் வனஸ்பதியில் உண்டாகும் மாறுபட்ட கொழுப்பு எல்லாவற்றிலும் கொடியது. அது கெட்ட கொழுப்பை ஏற்றி நல்ல கொழுப்பை இறக்கும். எண்ணெய்களிலும் கொழுப்புப் பொருள்களிலும் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய் எப்போதும் தீயதே. வடையும் பஜ்ஜியும் சுட்ட எண்ணெயை மறுநாளும் பொரிக்கப் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும்.

சிறுதானியம் உண்டால் போதுமா?

2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பின்னர் சிறுதானியங்களைப் பற்றிய ஆர்வம் பெருகியுள்ளது. ஐதராபாத்துக்கு அருகில் பட்டான்செருவில் உள்ள ‘இக்ரிசாட்’ நிறுவனம் முன்னின்று 19 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் தொகுத்து 2021இல் வெளியிட்டது. அதன்படி சிறுதானிய உணவு உண்டோருக்கு மொத்தக் கொலஸ்டிரால் சராசரியாக 8 சதவீதம் குறைந்தது, எல்.டி.எல்.லும் டிரைகிளிசரைடும் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தன.

இதனை மருந்து என எண்ணி ஏமாறக் கூடாது. சிறுதானியத்திலும் பெரும்பகுதி மாச்சத்தே. மேலே கூறிய 2025ஆம் ஆண்டு ஆய்வு நீரிழிவு, வயிற்றுப் பருமன் ஆகியவற்றைப் பொறுத்து இதனைத் தெளிவாக்கியது. தீட்டிய அரிசிக்குப் பதில் முழுக் கோதுமையையோ சிறுதானியத்தையோ அதே அளவில் உண்பதால் மட்டும் பயன் காணப்படவில்லை. மாச்சத்தின் மொத்த அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பயறு, பால் போன்ற புரத உணவுகளைச் சேர்த்தபோதே தீங்கு குறைந்தது. சோற்றோடு கூடுதலாகக் கம்பங்கூழும் குடிப்பதால் நன்மை இல்லை. சோற்றின் அளவைக் குறைத்து அதற்கு ஈடாகக் கூழ் குடிக்க வேண்டும். உடன் சுண்டலோ பயறோ இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. சிறுதானியத்தின் நார்ச்சத்து பெரும்பாலும் அதன் தவிட்டில் உள்ளது. கடைகளில் பால் போல வெளுத்துக் கிடைக்கும் குதிரைவாலி அரிசியும் சாமை அரிசியும் மிகையாகத் தீட்டப்பட்டவை. அவற்றுக்கும் வெள்ளை அரிசிக்கும் வேறுபாடு குறைவு. உமியை மட்டும் நீக்கி, தவிடு தங்கிய பழுப்பு நிற அரிசியாக அரைத்துத் தருமாறு ஆலையில் கேட்டு வாங்கவும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இது விரைவில் சிக்கு வாடை பிடிக்கும். கம்பு மாவு விரைவில் கசந்துவிடும். ஆகவே தானியமாகச் சேமித்து வைத்து அவ்வப்போது தேவைக்கு மட்டும் அரைப்பது நல்லது.

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்பது பழமொழி. கொள்ளில் 20 சதவீதத்துக்கு மேல் புரதமும் போதிய நார்ச்சத்தும் உண்டு. வாரம் இருமுறை கொள்ளுத் துவையலோ இரசமோ சேர்க்கலாம். வறட்சியைத் தாங்கும் பயிராதலால் மானாவாரிக்கும் ஏற்றது.

வீட்டுக்கென ஒரு பங்கு நிலம்

முழு நிலத்தையும் மாற்ற வேண்டும் என்று கூறவில்லை. மக்காச்சோளமோ பருத்தியோ மிளகாயோ வருமானத்துக்கு இருக்கட்டும். குடும்ப உணவுக்கென ஒரு சிறு பகுதியை ஒதுக்குவதே இங்கு கூறப்படும் கருத்து.

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மேற்குறிப்பிட்ட உணவு நெறிமுறைப்படி நாளொன்றுக்கு ஒருவருக்கு 250 கிராம் தானியம் எனில் மாதம் 30 கிலோ. அதில் பாதி சிறுதானியம் என்றால் ஆண்டுக்கு 180 கிலோ அரிசி. அதாவது சுமார் 300 கிலோ தானியம். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த குதிரைவாலி ஏக்கருக்கு 600 கிலோ தந்தால் அரை ஏக்கரே போதும். எம்.டி.யு. 1, கோ (கே.வி.) 2 ஆகிய இரகங்கள் ஏற்றவை. ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ விதை போதுமானது. கம்பு விரும்புவோர் கோ 10 இரகத்தையும், சோளம் விரும்புவோர் கே 12 இரகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். பின்னது, 1901இல் தொடங்கப்பட்டுக் கரிசல் நிலத்துக்கெனப் பணியாற்றி வரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அளித்தது. தட்டை மாட்டுக்குத் தீவனமாகும் என்பது கூடுதல் இலாபம்.

பருப்பும் பயறும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் தேவை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 120 கிலோவுக்குச் சற்று மேல். ஏக்கருக்கு 250 கிலோ விளைந்தால் இன்னோர் அரை ஏக்கர் உளுந்தோ பாசிப்பயறோ இதற்கு ஈடாகும். பயறு வகைகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் நிலைநிறுத்துவதால் அடுத்த பயிருக்கும் நன்மை.

எண்ணெய்க்கு இறவைப் பாசனம் உள்ளவர்கள் மாசிப் பட்டத்தில் எள் பயிரிடலாம். திருவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எஸ்.வி.பி.ஆர். 1 என்ற வெள்ளை எள் இரகம் நம் பகுதிக்கு நன்கு பழக்கமானது. செக்கில் ஆட்டினால் 100 கிலோ எள்ளுக்கு ஏறத்தாழ 40 கிலோ எண்ணெய் கிடைக்கும். குடும்பத்தின் ஓராண்டுத் தேவை இதில் அடங்கிவிடும். வாய்க்கால் கரையில் அகத்தி, முருங்கை, அவரை, கீரைகள் இருந்தால் நாளொன்றுக்கு ஒருவருக்கு வேண்டிய 400 கிராம் காய்கறியில் பெரும்பகுதி விலையின்றிக் கிடைக்கும்.

இறைச்சி உண்போர் ஆட்டுக்கறியில் கண்ணுக்குத் தெரியும் கொழுப்பை நீக்கிவிட்டுச் சமைக்கவும். சங்கரன்கோவில் பிரியாணி பேர்பெற்றதுதான்; அது விருந்து நாளுக்கு உரியது. தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் சாளை மீன் விலை மலிவானது; டிரைகிளிசரைடைக் குறைக்க உதவும் நல்ல கொழுப்பு அமிலங்களைக் கொண்டது. பொரிக்காமல் குழம்பாக்கி உண்ணவும். நாளொன்றுக்கு ஒரு முட்டை பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. நீரிழிவும் இதய நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.

நடையும் உழைப்பும்

வயல் வேலை பருவத்துக்கு உரியது. விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையே ஓய்வான மாதங்கள் பல. அந்நாட்களில் நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரம் ஐந்து நாட்கள் விரைவாக நடக்க வேண்டும். ஒரு கிலோ மீட்டருக்குள் உள்ள தோட்டத்துக்கு வண்டியை எடுக்காதிருப்பதே பலருக்குப் போதும். பீடி சுற்றும் தாய்மார்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடமாட வேண்டும். தொப்புள் மட்டத்தில் ஒரு அளவு நாடாவால் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டி மீட்டரும் பெண்களுக்கு 80 சென்டி மீட்டரும் தாண்டினால் அது எச்சரிக்கை.

பரிசோதனையும் மருந்தும்

30 வயது கடந்தோர் அனைவரும் ஒருமுறை இரத்தக் கொழுப்பைப் பரிசோதித்துக் கொள்வது நல்லது. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் 20 வயதிலேயே செய்ய வேண்டும். முதற் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. டிரைகிளிசரைடு மிகுந்து காணப்பட்டால் மட்டும் 9 முதல் 12 மணி நேரம் உண்ணாமலிருந்து மீண்டும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ்ப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். அவர்கள் வரும்போது, “எனக்கு ஒன்றுமில்லை” என்று திருப்பி அனுப்பாதீர்கள். இவ்விரண்டில் ஒன்று மிகுந்தாலும் கொழுப்பையும் பார்த்துவிட வேண்டும்.

மூன்று மாத உணவு மாற்றத்துக்குப் பிறகும் அளவு இறங்காவிட்டாலோ, முன்பே இதய நோய் இருந்தாலோ மருத்துவர் ‘ஸ்டாட்டின்’ வகை மாத்திரை தருவார். இம்மருந்தின் வரலாறு உழவர்களுக்குச் சுவையானது. 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூசணங்களை ஆராய்ந்து, கியோட்டோ நகரத் தானியக் கடையின் அரிசியில் வளர்ந்த ஒரு பூசணத்திலிருந்து கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உண்ணும் மருந்துக்கு அதுவே மூலம். இதனைத் தொடர்ந்து உண்டால்தான் பயன். “அளவு சரியாகிவிட்டது” என்று தாமே நிறுத்துவது, பூச்சி குறைந்தது கண்டு வயலைப் பாராமல் விடுவதற்கு ஒப்பாகும். கை கால் தசைகளில் கடும் வலி தோன்றினால் மருத்துவரிடம் கூறவும். கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேளாமல் உண்ணக் கூடாது. பூண்டும் வெந்தயமும் உணவில் சேர்க்கத் தக்கவையே. ஆனால் அவை மாத்திரைக்கு மாற்று ஆகா.

நெஞ்சு வலியை வாய்வு என எண்ணாதீர்!

நடு நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் சோடாவும் சுக்குக் கஷாயமும் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியின்றி வெறும் மயக்கமும் சோர்வுமாகவும் வரலாம். உடனே 108 எண்ணை அழைக்கவும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவும். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி அங்கேயே முதற்கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு உள்ளது. இரத்தம் தடைப்பட்ட இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் அழிகின்றது. மடை உடைந்த பின் விடியட்டும் என்று காத்திருக்கும் உழவர் எவரும் இல்லை.

உழவர் பெருமக்கள் இந்த மாதமே செய்ய வேண்டியவை ஐந்து:

1. குடும்பத்தில் 30 வயது கடந்தவர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்தல்.
2. இரவுச் சோற்றில் ஒரு அகப்பை குறைத்து, அந்த இடத்தில் பயறோ சுண்டலோ சேர்த்தல்.
3. மாத எண்ணெய்ச் செலவை நான்கு பேருக்கு மூன்றரை லிட்டருக்குள் நிறுத்துதல்.
4. பீடி, சிகரெட்டு, புகையிலை, மது ஆகியவற்றை விடுதல்.
5. வரும் பட்டத்தில் வீட்டு உணவுக்கென அரை ஏக்கர் சிறுதானியமும் அரை ஏக்கர் பயறும் திட்டமிடல்.

குடும்பத்தலைவர் ஐம்பது வயதில் மாரடைப்பால் படுத்துவிட்டால் அந்த ஆண்டு விதைப்பு நின்றுபோகும். மருத்துவச் செலவுக்கு நகை அடகுக்குப் போகும். சில வீடுகளில் நிலமே கைமாறும். ஒரு பரிசோதனைக்கு ஆகும் செலவோ ஒரு முறை பூச்சி மருந்து தெளிக்கும் செலவினும் குறைவு. பயிரைக் காக்கக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை உழவர்கள் தங்கள் உடலுக்கும் காட்ட வேண்டும். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று வந்தால் தயக்கமும் நீங்கும். அயலாருக்கும் வழிகாட்டியதாக அமையும்.